டாரன்டுலா வளர்க்கலாம், பஸ் பார்சலில் வாங்க வேண்டாம்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 23 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் கம்பெனி வேலை. நண்பனோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வருவேன். ஊரில் அம்மா, ஆயா, ஏழாவது படிக்கும் தங்கை. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். டாரன்டுலா என்கிற, முடி அடர்ந்த பெரிய சிலந்தியை வளர்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒருவர், 'சிலி ரோஸ்' வகை 4,500 ரூபாய், சாதுவானது, கையில் விட்டாலும் ஒன்றும் செய்யாது, டப்பாவில் போட்டு பஸ் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். முன்பணம் 500 அனுப்பிவிட்டேன். அம்மா 'அந்த விஷப்பூச்சி வந்தால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன்' என்கிறார். ஊர் வீட்டுச் சுவரிலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறது. அதுவும் டாரன்டுலாதானா, அதையே பிடித்து வளர்க்கலாமா? கடித்தால் உயிருக்கு ஆபத்தா? தினமும் என்ன தீனி போடுவது? ஊரில் வைப்பதா, ஓசூரிலா?

பதில்: தம்பி, எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் கறவை மாட்டின் மடிநோயும் ஆட்டின் கழிச்சலும்தான் இருக்கும். சிலந்திக்கு யோசனை கேட்டு எழுதியிருக்கிறீர்கள், எனக்குச் சந்தோஷம்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன். வளர்க்கலாம். ஆனால் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம். கையில் எடுத்து விளையாடத்தான் ஆசை என்றால் எவரிடமும் வாங்க வேண்டாம்.

முதலில் சுவரில் இருப்பதைப் பார்ப்போம். தட்டையாக, பழுப்பு நிறமாக, கால்களைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி விரித்து உட்கார்ந்திருக்கிறதா? சில நாள் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாகக் காசு போல ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறதா? அப்படியானால் அது டாரன்டுலா இல்லை. வலை பின்னாமல் ஓடிப் பிடித்துத் தின்னும் வேட்டைச் சிலந்தி அது. அந்த வெள்ளை வட்டம் அதன் முட்டைப் பை. ராத்திரியில் கரப்பானைப் பிடிப்பதுதான் அதற்கு வேலை. ஆயாவிடம் சொல்லுங்கள், துடைப்பத்தால் அடிக்க வேண்டாம். டப்பாவிலும் அடைக்க வேண்டாம். ஓட இடமில்லாமல் அது வாடிப்போகும்.

உண்மையான டாரன்டுலாக்களும் நம் பக்கத்தில் உண்டு. தொப்பூர்க் கணவாய் தாண்டினால் வரும் காடையாம்பட்டியில் கிடைத்த ஒன்றை வைத்துத்தான், 1899-ல் போகாக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பொசிலோதீரியா ஃபார்மோசா என்ற இனத்தை உலகத்துக்குச் சொன்னார். மரப்பொந்தில் வாழும் அழகான சிலந்தி. மின்னல் வேகத்தில் ஓடும். இந்தப் பொசிலோதீரியா பேரினத்துச் சிலந்திகள் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தி எடுக்கும். 2019-லிருந்து இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகிவிட்டது. அங்கே போய்ச் சிலந்தி பிடித்தால் அது வனக் குற்றம். காட்டுச் சிலந்தியை அதன் காட்டிலேயே விட்டுவிடுங்கள். முதல் சிலந்தியாக வளர்க்கிறவருக்கு அது சரிப்படவும் செய்யாது.

உங்களுக்கு ஏற்றது தரையில் வாழும், நிதானமான தென் அமெரிக்க, மெக்சிகோ வகைகள்தான். சிலி ரோஸ், மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி, பிரேசிலின் கருஞ்சிலந்தி எல்லாம் அதில் அடக்கம். வகையை நீங்கள் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். கேள்வி அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

2021 ஜூலையில் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு சிறு குப்பிகளில் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. அனுமதி எதுவும் இல்லாததால் வந்த வழியே திருப்பி அனுப்ப உத்தரவானது. பிடிபட்டது அது. பிடிபடாமல் உள்ளே வருவதுதான் 'சாதுவான வகை, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்' என்று உங்கள் கைப்பேசிக்கு வந்து நிற்கிறது என்பது என் சந்தேகம்.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை அந்தத் திருத்தம் நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அதில் இருக்கும் ஓர் உயிரை வீட்டில் வைத்திருப்பவர், தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிவப்பு முழங்கால் வகை 1985-லிருந்தே அந்தப் பட்டியலில் உள்ளது. மற்ற வகைகளுக்கும், வாங்கும் அன்றைக்குப் பட்டியல் என்ன சொல்கிறது என்று மாவட்ட வன அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விற்கிறவரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். இந்தியாவுக்குள் முறைப்படி வந்ததற்கு, அல்லது இங்கேயே பிறந்ததற்கு, என்ன காகிதம் இருக்கிறது? என் பெயருக்கு எழுதிக் கொடுப்பாரா? 'அதெல்லாம் எதுக்கு ப்ரோ' என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

காகிதம் ஒருபுறம் இருக்கட்டும். மே மாதம் பஸ் டிக்கியில் ஒரு டப்பா எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள். அதில் வருவது உயிரோடு வந்தாலே அதிசயம்.

அடுத்து கடி. இந்த அமெரிக்க வகைகளின் விஷம் மனிதருக்குப் பெரும்பாலும் தேனீ கொட்டிய அளவு வலிதான். இவை கடித்து ஒருவர் இறந்ததாக மருத்துவப் பதிவு கிடையாது. பல் பெரிது என்பதால் காயம் ஆழமாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் அது ஒவ்வாமை, உடனே ஆஸ்பத்திரி. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: கல் குவியலிலும் ஓட்டு இடுக்கிலும் ஒளிந்திருக்கும் செந்தேளுக்குப் பயப்பட வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சிலந்திக்குத் தேவையில்லை.

கடியைவிட முடிதான் தொந்தரவு. பயந்தால் இந்தச் சிலந்தி திரும்பி நின்று, பின்னங்காலால் தன் வயிற்றைத் தேய்த்து முடியை உதறும். கண்ணுக்கே தெரியாத முள் முடி. தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு, சிலருக்கு நாள்கணக்கில் இருக்கும். கண்ணில் பட்டால் கதை வேறு. கருவிழியில் குத்தி நின்றுவிடும். தேய்க்கக் கூடாது, தண்ணீரால் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போய், 'சிலந்தி முடி பட்டது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து எழுதிவிடக்கூடும். பெட்டியில் இருக்கும் மண்ணிலும் உரித்துப் போட்ட சட்டையிலும்கூட அந்த முடி இருக்கும். அதனால் பெட்டியைத் தொட்டால் கையுறை, முடித்ததும் கைகழுவல். உங்கள் தங்கை பார்க்கட்டும், மூடியைத் திறக்க வேண்டாம்.

'கையில் விட்டாலும் ஒன்றும் செய்யாது' என்கிறாரே, அது பாதிதான் உண்மை. உங்களை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அதற்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சிலந்தி காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான மூட்டுகளில் நீட்டத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் கால் நீளும். அந்தத் திரவம் நிறைந்த வயிற்றின் தோல் மெல்லியது. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தால் வயிறு வெடித்துவிடும், அதோடு அது முடிந்தது. நண்பன் தும்மினாலும் போதும், சிலந்தி துள்ளும், நீங்கள் கையை உதறுவீர்கள். அதற்கு உங்களை அடையாளமும் தெரியாது. கண் பார்வை மங்கல். காலில் உணரும் அதிர்வை வைத்துத்தான் உலகத்தை அறிகிறது. எவ்வளவு வருடம் வளர்த்தாலும் நாய்க்குட்டி மாதிரிப் பழகாது. எனவே பார்ப்பதற்கு மட்டும் வாங்குங்கள். மீன்தொட்டி வைத்திருப்பவர் மீனைக் கையில் எடுத்துக் கொஞ்சுவதில்லையே.

எங்கே வைப்பது? ஓசூரில். ஊர் வீட்டில் வேண்டவே வேண்டாம். இவற்றுக்கு 20 முதல் 28 டிகிரி வரை சுகம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அறைக்குள் வெயில் நேராக விழாத மூலையில், தரையோடு வைத்தால் கோடையைக்கூடச் சமாளித்துவிடலாம். பாலக்கோடு, தர்மபுரி பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரி சர்வசாதாரணம். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை என்றால் பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குள் மனிதராலேயே உட்கார முடியாது. ஓசூரின் டிசம்பர்க் குளிருக்குப் பயந்து பல்பு போட்டு வைக்காதீர்கள். இரவில் கொஞ்சம் குளிர்ந்தால் சிலி ரோஸுக்கு ஒன்றும் ஆகாது, பல்பின் சூடுதான் அதை உலர்த்திக் கொல்லும்.

ஊர் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணம், அதைவிடப் பெரியது, மருந்து. பூச்சியைக் கொல்லும் எதுவும் சிலந்தியையும் கொல்லும். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்து, அந்த இலையைத் தின்ற புழு துடித்துச் சாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புழு மனையில் கொசுவத்திச் சுருள் ஏற்ற விடுவாரா உங்கள் அம்மா? அதே கட்டுப்பாடு ஓசூர் அறைக்கும் வேண்டும். சுருள், பிளக்கில் செருகும் கொசு திரவம், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் எதுவும் கூடாது. உங்கள் நண்பன் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வானா என்று இப்போதே கேளுங்கள்; கொசுவலை ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாநகராட்சியிலிருந்து டெங்குவுக்குப் புகை அடிக்க வரும் நாளில் ஜன்னலைச் சாத்திப் பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டும். எறும்பு வந்தால் பெட்டியை ஒரு முக்காலியில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் வீடுகளில் நெய் ஜாடிக்குச் செய்கிற அதே வேலைதான். ஊர் வீட்டில் புழு மனைக்குப் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்தம் செய்வீர்கள், அந்த வாடையும் இதற்கு ஆகாது.

பெட்டிக்குச் செலவு குறைவு. மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் பெட்டி போதும். நீளம், காலை நீட்டினால் சிலந்தி இருக்கும் அளவைப்போல மூன்று மடங்கு. அகலம் இரண்டு மடங்கு. உயரம்தான் கவனிக்க வேண்டியது. கீழே ஐந்தாறு அங்குலம் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) நிரப்பிய பிறகு, மண்ணிலிருந்து மூடிவரை கால் நீட்டிய சிலந்தியின் அளவில் ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் விடக் கூடாது. ஏறி விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். கோகோபீட் கட்டி நம் பக்கத்து நர்சரிகளில் கிடைக்கும். உரம் கலக்காததாகப் பார்த்து வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து உப்பை அலசிப் பிழிந்து, நன்றாக உலர்த்திப் போடுங்கள். தோட்டத்து மண் வேண்டாம், மருந்தும் எறும்பும் சேர்ந்து வரும். உடைந்த பூந்தொட்டியின் பாதியைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் வீடு. ஒரு பாட்டில் மூடி அளவுக்குத் தண்ணீர்த் தட்டு. அதில் பஞ்சு போடக் கூடாது, அழுகும். காற்றுக்குப் பக்கவாட்டில் சூடான ஊசியால் துளைகள் போடுங்கள். கம்பி வலை மூடி வேண்டாம், கால் நகம் மாட்டிக்கொள்ளும்.

தீனியைப் பற்றித் தினமும் என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை போதும். சுவர்க்கோழி எனப்படும் சில்வண்டு ஒன்றிரண்டு, அல்லது தீனிக்கென்றே வளர்த்த கரப்பான் ஒன்று. அதன் வயிற்றைவிடப் பெரிய இரை வேண்டாம். மாந்தோப்பிலோ தோட்டத்திலோ பிடித்த வெட்டுக்கிளியைப் போடாதீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் மருந்து அடிக்காத மாந்தோப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து ஆரோக்கியமான பட்டுப்புழு ஒன்றை எப்போதாவது கொடுக்கலாம். நோய் கண்டு ஒதுக்கிய புழு கூடாது. பல்லி, கோழிக்குஞ்சு போடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், அது பார்ப்பவர்களைக் கவர்வதற்காகச் செய்வது. போட்டதை ஒரு நாளுக்குள் தின்னாவிட்டால் வெளியே எடுத்துவிடுங்கள். சிலி ரோஸ் திடீரென்று மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். வயிறு சுருங்காமல், தண்ணீர் இருந்தால், கவலைப்படாதீர்கள். நீங்கள் லீவுக்கு ஊருக்குப் போய்வரும் நாட்களில் தண்ணீர்த் தட்டு நிறைந்திருந்தால் அதுவே போதும்.

கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியது சட்டை உரிக்கும் சமயம். ஆரோக்கியமான சிலந்திகள் அதிகம் சாவது, உரிப்பதை இறந்துவிட்டதாக நினைத்து ஆள் கை வைப்பதால்தான் என்று நினைக்கிறேன். சில வாரம் முன்பே தீனியை மறுக்கும், மந்தமாகும், வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்து வரும். பிறகு ஒருநாள் மல்லாந்து படுத்துவிடும். எட்டுக் காலும் மேலே! பார்த்தவருக்குச் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். சாகிற சிலந்தி பொதுவாக மல்லாந்து படுக்காது. குப்புற இருந்தபடி கால்களை உள்பக்கம் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்தது சட்டை உரிக்கிறது. மணிக்கணக்கில் ஆகலாம். தொடாதீர்கள், திருப்பாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், ஊதிப் பார்க்காதீர்கள். பட்டுப்புழு நான்கு முறை தோல் உரிக்கும்போது தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும், அப்போது இலை போடமாட்டீர்கள் அல்லவா? இங்கேயும் அதே ஒழுங்குதான். பெட்டிக்குள் உயிருள்ள சில்வண்டு இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை அது கடித்துத் தின்றுவிடும். உரித்து முடித்ததும் பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கறுக்கும். கறுத்த பிறகுதான் தீனி. வளர்ந்ததற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இழந்த கால்கூட அடுத்தடுத்த உரிப்புகளில் திரும்ப முளைத்துவிடும்.

ஆயுளையும் யோசியுங்கள். பெண் சிலந்தி 20 வருடம் தாண்டியும் வாழும். இப்போது 23 வயது உங்களுக்கு. கல்யாணம், வேலை மாற்றம், குழந்தை எல்லாம் அந்த 20 வருடத்துக்குள்தான் வரும். ஆண் சிலந்தி பருவத்துக்கு வந்தபின் பெரும்பாலும் ஓரிரு வருடம்தான். விற்பவர் 'பெரிய சைஸ்' என்று தள்ளிவிடுவது பெரும்பாலும் கடைசி உரிப்பை முடித்த ஆணாகத்தான் இருக்கும். முன்காலின் நடுப்பகுதியில், அடிப்பக்கம் கொக்கி போல இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வயது வந்த ஆண்.

நோய் வந்தால் யாரிடம் போவது? மாவட்டத்துக் கால்நடை மருத்துவமனைகளில் இதற்கு மருந்து இல்லை என்பதுதான் நிலைமை. சிறு கீறலில் திரவம் கசிந்தால் மக்காச்சோள மாவு (கார்ன்ஃபிளார்) தூவி அடைக்கலாம். வயிறு சுருங்கிக் காலும் மடங்கத் தொடங்கினால் பெரும்பாலும் நீர் வற்றியிருக்கும். தண்ணீர்த் தட்டின் விளிம்பில் அதன் வாய்ப்பகுதி படும்படி மெதுவாக வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் எவரும் செய்வதற்கு அதிகமில்லை.

முன்பணம் 500 திரும்ப வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் 4,000 போடாதீர்கள். அம்மாவிடம் வாக்குவாதம் வேண்டாம், சிலந்தி ஓசூரில்தான் இருக்கும் என்று சொன்னாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். இப்போது பெட்டியை மட்டும் வாங்கி, கோகோபீட் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வையுங்கள். சிலந்தி இல்லாமலே வருகிற ஏப்ரல், மே முழுக்க, தண்ணீர் மாற்றி, பிற்பகல் மூன்று மணிச் சூட்டைத் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் நாட்களில் நண்பனைக் குறிக்கச் சொல்லுங்கள். அவன் கொசு மருந்து போடாமல் இருக்கிறானா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஜூனில் அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள், 30 டிகிரிக்குள் நின்றிருந்தால் காகிதத்தோடு விற்பவரைத் தேடுவதைப் பற்றிப் பேசலாம்.